மூணு புள்ளி பதினாலு

பிரிக்ஃபீல்ட்ஸில் குடியிருக்கும் ஒரு குடும்பத் தலைவனின் அதிகாரங்களில், மனைவி இன்னும் என்னிடம் விட்டுவைத்திருப்பவை இரண்டு: குப்பையைக் கீழே கொண்டுபோய்ப் போடுவது, வீட்டுக் கம்ப்யூட்டருக்குப் பொறுப்பாக இருப்பது. முதலாவதில் எனக்கு நல்ல பேர். இரண்டாவது, மகள் கல்லூரியில் சேர்ந்து, "ப்பா, பைத்தான் போட்டுக் குடுங்க" என்று கேட்கும்வரை நீடித்தது.

போடலாம், அந்த நிரல்மொழியின் எந்தப் பதிப்பைப் போடுவது? பதிவிறக்கப் பட்டியலில் 3.9, 3.10 என்று தொடங்கி 3.14 வரை வரிசை கட்டி நின்றன. காலமெல்லாம் வெள்ளியும் காசும் கூட்டிக் கழித்த கணக்கப்பிள்ளை நான். மூன்று வெள்ளி தொண்ணூறு காசை விட மூன்று வெள்ளி பதினாலு காசு எப்படிப் பெரிதாகும்? 3.9தான் பெரிது, ஆகவே அதுதான் புதிது என்று மனைவிக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். அவளும் தலையாட்டினாள். அவள் தலையாட்டினால் டிவியைக் கவனிக்கிறாள் என்று அர்த்தம்.

"ப்பா, அது தசமப் புள்ளி இல்ல. ஒம்பதுக்கு அப்புறம் பத்து, பதினொண்ணு, அவ்ளோதான்" என்றாள் மகள். 3.9 வந்தது 2020இல். 2025 அக்டோபரோடு அதற்குச் சீட்டுக் கிழித்துவிட்டார்கள். அதே மாதம்தான் 3.14 பிறந்தது. இப்போதெல்லாம் ஆண்டுக்கு ஒரு பிரசவம், அக்டோபரில். ஒவ்வொன்றுக்கும் ஐந்தாண்டுப் பராமரிப்பு: முதலில் பிழைதிருத்தம், பிற்பாடு பாதுகாப்பு ஓட்டைகளை அடைப்பது மட்டும்.

எண்ணையாவது சகிக்கலாம். மற்ற மென்பொருள்களில் சிலர் பதிப்புகளுக்குப் பேரும் வைக்கிறார்கள். டெபியன்காரர்கள் 1996இலிருந்து 'டாய் ஸ்டோரி' படத்துப் பொம்மைகளின் பெயர்களை வைக்கிறார்கள். 2025இல் வந்தது டிரிக்ஸி. எப்போதும் நிலைபெறாமலேயே கிடக்கும் பதிப்புக்கு மட்டும் சிட் என்று பெயர். படத்தில் பொம்மைகளை உடைக்கிற பையன் அவன். இதில் ஒரு நேர்மை இருக்கிறது. நோட் ஜேஎஸ் ஆட்கள் தனிமங்களுக்குப் போய்விட்டார்கள்: 18 ஹைட்ரஜன், 20 அயர்ன். ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவில் ஒன்றுக்குக் கோலா என்றே பெயர். கோலாலம்பூர்க்காரன் வேறு எதைப் போடுவான் என்று நான் சொன்னதற்கு வீட்டில் யாரும் சிரிக்கவில்லை. உபுண்டு 24.04இன் பெயர் நோபிள் நம்பாட், ஆஸ்திரேலியாவில் கரையான் தின்னும் ஒரு சின்னப் பிராணி. எண்ணுக்கு அர்த்தம் 2024 ஏப்ரல். கிள்ளானிலிருந்து வந்திருந்த மாமியார், "நம்பாதேன்னு பேர்லயே எழுதி வெச்சிருக்கான், மாப்பிள்ளை" என்றார்.

கிள்ளானில் உதிரிபாகக் கடைக்குப் போய், "சாகா காருக்கு பிரேக் பேட் வேணும்" என்று கேட்டுப் பாருங்கள். கடைக்கார அண்ணன் நிமிர்ந்துகூடப் பார்க்கமாட்டார். "எந்த சாகா? ஈஸ்வராவா, பிஎல்எம்மா, எஃப்எல்எக்ஸா?" 1985இலிருந்து பேர் ஒன்றுதான், அடியில் இருப்பது வேறு வேறு. பைத்தானும் அப்படித்தான். 2008 டிசம்பரில் வந்த மூன்றாவது, இரண்டாவதோடு ஒத்துப்போகாது என்று சொல்லியே வந்தது. இரண்டாவதின் கடைசி வாரிசான 2.7க்கு 2020 ஜனவரி முதல் தேதியோடு ஆதரவு முடிந்தது.

நான் சிக்கனம் கருதி வாங்கிவைத்திருந்த பழைய புத்தகம், அந்த இரண்டாவதுக்கு எழுதியது. அதில் பிரிண்ட் என்ற சொல்லுக்குப் பின் அடைப்புக்குறி கிடையாது. அப்படியே அடித்தால், "அடைப்புக்குறி எங்கே?" என்று மூன்றாவது திருப்பிக் கேட்குமாம். அண்ணன் மகன் தன் லினக்ஸ் பெட்டியில் இரண்டையும் வைத்திருக்கிறான். 'தமிழ்' என்ற சொல்லின் நீளம் என்ன என்று இரண்டிடமும் கேட்டுக் காட்டினான். பழையது 15 என்றது. புதியது 5 என்றது. மூன்று எழுத்து என்று தமிழ்ப்பள்ளியில் படித்த நான் நடுவில் உட்கார்ந்திருந்தேன். பழையது பைட்டுகளை எண்ணுகிறதாம், ஒரு குறிக்கு மூன்று. புதியது யூனிகோடு குறிகளை எண்ணுகிறது: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல் மென்பொருளில், யூனிகோடு புழக்கத்துக்கு வருமுன் நான் தட்டிவைத்த கடிதங்கள் இன்று புரியாத குறிகளாகத் தெரிவதும் இந்தக் குடும்பத் தகராறில் சேர்ந்ததுதான்.

அப்படியானால் புத்தம் புதிய 3.14ஐப் போடலாமே என்றேன். மகள் அதற்கும் ஒப்பவில்லை. மற்றவர்கள் எழுதிய நூலகங்களைச் சேர்த்துத்தான் வேலை செய்ய வேண்டும். புதியது வந்தவுடன் அத்தனையும் அதற்குத் தயாராக இருப்பதில்லை. விரிவுரையாளருக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வரி கேட்டாள். பதில் வந்தது: 3.12.

பிள்ளைக்கு மென்பொருள் போட்டுக் கொடுக்கப் போகும் அப்பாமார்களே, பேரைப் பார்க்காதீர்கள், பெரிய எண்ணையும் பார்க்காதீர்கள். வகுப்பில் எது ஓடுகிறது, அதற்கு எதுவரை பராமரிப்பு என்று இரண்டு கேள்வி கேளுங்கள். 3.12க்கு 2028 அக்டோபர் வரை உண்டு.