டெஸ்டர் இல்லேன்னு சொல்லிப் பழகு

வாலே பேராண்டி, திண்ணையில உக்காரு. எலெக்ட்ரீசியன் சர்டிபிகேட்ட உங்க ஆச்சி சாமி படத்துக்குப் பக்கத்துல சொருகி குங்குமம் வச்சிட்டா. ரெண்டு வருசம் ஐடிஐக்கு சைக்கிள் மிதிச்ச முழங்காலுக்குல்லா பொட்டு வச்சிருக்கணும்!

அன்னைக்கு மூணு பின் பிளக்கைத் தூக்கிட்டு வந்து, "மேல உள்ள பின்னு ஏன் நீளமா, தடியா இருக்கு தாத்தா"ன்னு கேட்டே. தெரியாதாலே எனக்கு? ரெண்டு ஓட்டை பிளக் பாயிண்ட்ல சொருகணும்னா மொதல்ல அதத்தான் தட்டி ஒடிப்போம். ஒடைக்க வாட்டமா நீளமா வச்சிருக்கான்னுதான் இம்புட்டு நாளும் நெனச்சேன். நீ என்னடான்னா, அது எர்த்து, சொருகுதப்ப மொதல்ல தொடணும், உருவுதப்ப கடைசியா விடணும், கசியுத கரண்டை மண்ணுக்கு இறக்கணும்ங்க. அப்ப கிரைண்டரைத் தொட்டா சுள்ளுன்னு அடிச்சது அதானா? நான் உங்க ஆச்சி கோவம்னுல்லா நெனச்சேன்.

ஃபியூஸ் போனா நாலு செப்பு இழையை முறுக்கி வைப்பாம்லா கீழத்தெரு மாமன், அவன்கிட்டப் போயி, "ஃபியூஸ் உருகணும், இல்லேன்னா வயரு எரியும்"னு பாடம் நடத்தாத. வயரு எரிஞ்ச அன்னைக்கு அவனே உன்னத் தேடி வருவான்.

வருவாங்கன்னதும் ஞாபகம் வருது. இனிமே ஊரே வரும். மிக்ஸி, மோட்டாரு, கல்யாண வீட்டு சீரியல் செட்டு. கூலி கேட்டா, "நம்ம பையனுக்கு என்ன கூலி, காப்பி குடிச்சிட்டுப் போ"ம்பாக. நாலு வீட்டுக் காப்பியில பித்தந்தான் ஏறும். ஓடிச்சின்னா அது நல்ல மோட்டாரு, நின்னுச்சின்னா நீ கை வச்ச மோட்டாரு. அதனால யாரு கூப்பிட்டாலும், "டெஸ்டர் இல்ல மாமா"ன்னு சொல்லிப் பழகு. ஐடிஐயில இத நடத்தியிருக்க மாட்டாக.

அப்ரண்டிஸ் போறியாமே? 1961-லயே அதுக்குன்னு சட்டம் போட்டிருக்காகளாம், போ. ஆலையில ஒரு மூத்த ஆளு இருப்பாரு. புத்தகத்துல இல்லாதது எல்லாம் தெரியும், புத்தகத்துல உள்ளதுதான் தெரியாது. அவரு கையில விரலு எத்தனன்னு எண்ணிப் பாத்துட்டு சிஷ்யனாச் சேரு.

சரி, எந்திரி. கிணத்து மோட்டாரு காலையிலேருந்து உர்ர்னு உறுமுது, சுத்த மாட்டேங்கு. ஒரு பேஸ் போயிருக்கும், காயில் கருகும்னு நீ சொல்லுவேன்னு அப்பவே ஆஃப் பண்ணிட்டேன். ஒரு எட்டு வந்து பாரு, காப்பி போடச் சொல்லுதேன். எங்கிட்ட வந்து டெஸ்டர் இல்லேன்னு சொல்லிராதலே, சொல்லிக் குடுத்தவனே நாந்தான்.