வார்டன் திருப்புகழ்

புதுச்சேரியின் கல்விப் பெருமையைப் பேசுகிறவர்கள் கல்லூரி வாசலோடு நின்றுவிடுகிறார்கள். 1823இல் பிரெஞ்சுக்காரர் தொடங்கிய மருத்துவப் பள்ளி, 1956இல் தன்வந்திரி மருத்துவக் கல்லூரி, அது 1964இல் கோரிமேட்டில் ஜிப்மர் ஆன கதை, 1961இல் தாகூர் கலைக் கல்லூரி, 1985இல் காலாப்பட்டுப் பல்கலைக்கழகம் என்று வரிசையாக வரும். படித்த பிள்ளை இரவில் எங்கே படுத்தான், என்ன தின்றான், வெளியே போக யாரிடம் கையெழுத்து வாங்கினான் என்பது மட்டும் வராது. விடுதியைப் புகழ இந்த ஊரில் ஆளில்லாமல் போனது பெரிய அநியாயம். எந்த விடுதி என்று கேட்காதீர்கள். ஒன்றைச் சொன்னால் மற்றவை கோபித்துக்கொள்ளும்.

முதலில் ஒருமைப்பாடு. 1954 நவம்பர் 1இல் பிரெஞ்சு நிர்வாகம் கைமாறியபோது நமக்குக் கிடைத்தது ஒன்றோடொன்று ஒட்டாத நான்கு துண்டு நிலம். காரைக்காலாவது இதே கரையில் இருக்கிறது. மாஹே கேரளக் கரையில், ஏனாம் கோதாவரிக் கரையில். இந்த நான்கும் உண்மையிலேயே ஒன்றாக இருக்கும் இடம் வரைபடத்தில் கிடையாது, மெஸ் ஹாலில்தான் உண்டு. மாஹேக்காரன் மலையாளத்திலும் ஏனாம்காரன் தெலுங்கிலும் காரைக்கால்காரன் தமிழிலும் ஒரே சாம்பாரைத் திட்டுகிறார்கள். இத்தனை ஒற்றுமையை எந்த அரசாங்க விழாவும் சாதித்ததில்லை.

அந்தச் சாம்பாரைப் பற்றியும் சொல்லவேண்டும். வாளிக்குள் கரண்டியை அடிவரை விடாமல் மேலாக அள்ளி ஊற்றும் கைப்பக்குவம் பரிமாறுகிறவருக்கு வாய்த்திருக்கிறது. முதல் பந்திக்குத் தெளிவு, கடைசிப் பந்திக்குப் பருப்பு. பொறுத்தார் பூமி ஆள்வார் என்று சொல்வதை இங்கே தட்டிலேயே காட்டிவிடுகிறார்கள். வார்டன் ருசி பார்க்க வரும் நாளில் மட்டும் எல்லாப் பந்திக்கும் பருப்பு வந்து, முருங்கைக்காயும் வந்து, பெருங்காயம் மணந்து, பிள்ளைகள் குழம்பிப்போகிறார்கள். நல்லவேளை, அவர் அடிக்கடி வந்து அவர்களை அப்படிக் குழப்புவதில்லை.

கணக்கு இன்னும் அழகு. மாதச் செலவைத் தலைக்கு இவ்வளவு என்று வகுத்துவிடும் டிவைடிங் சிஸ்டம். தின்றவனும் கொடுக்கலாம், தின்னாமல் கேன்டீனில் பரோட்டா சாப்பிட்டவனும் கொடுக்கலாம். சமத்துவம், சகோதரத்துவம் என்று பிரெஞ்சுக்காரர் சொல்லிப்போனதை இங்கே பில் போட்டே வசூலிக்கிறார்கள். ஊருக்குப் போனால் ரிடக்‌ஷன் உண்டு. போவதை முன்கூட்டியே எழுதிக் கொடுத்திருக்கவேண்டும், எழுதியதை யாராவது பார்த்திருக்கவேண்டும், பார்த்தவர் அன்று லீவில் போகாமல் இருந்திருக்கவேண்டும், அவ்வளவுதான். பில்லின் கடைசியில் ‘இதர’ என்று ஒரு வரி. மாதாமாதம் அது வளர்கிறது. இந்தச் சாப்பாட்டில் வளர்வது அது ஒன்றுதான்.

ஆனால் விடுதியின் மெய்யான தொண்டு அரசியல் கல்வி. மெஸ் செயலாளரை மாணவர்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். கத்தரிக்காயா பூசணிக்காயா என்று முடிவெடுக்கும் முழு அதிகாரமும் அவருக்கு உண்டு, வார்டன் கையெழுத்துப் போட்டால். இதைப் பழகியவனுக்குப் புதுச்சேரியில் வாழ்வது சுலபம். 1954 அக்டோபர் 18இல் கீழூரில் 178 பிரதிநிதிகள் கூடி, 170 பேர் இந்தியாவோடு இணைவதற்கு ஓட்டளித்தார்கள். மற்ற ஜனங்களுக்கு ஓட்டுப் போடும் சிரமத்தை வைக்கவில்லை. நகராட்சித் தேர்தல் 1968இல் நடந்தது, அடுத்தது 2006இல். நடுவே 38 வருடம் ஓய்வு. சட்டமன்றத்துக்கு ஜனங்கள் 30 பேரைத் தேர்ந்தெடுக்கிறார்கள், எண்ணத் தெரியாதவர்கள் என்று நினைத்தோ என்னவோ, இன்னும் 3 பேரை மத்திய அரசே நியமித்துத் தரலாம். 2017இல் புதுச்சேரி அரசைக் கேட்காமலே நியமித்தது. செல்லும் என்று 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. 2019 பிப்ரவரியில் முதல்வர் நாராயணசாமி துணைநிலை ஆளுநர் மாளிகைக்கு வெளியே தர்ணாவில் உட்கார்ந்தபோது நாடே வேடிக்கை பார்த்தது. விடுதிப் பிள்ளைகளுக்கு அதில் புதுமை ஒன்றும் தெரியவில்லை. வார்டன் அறை வாசலில் தட்டும் டம்ளருமாக அப்படி உட்கார்ந்து பழகியவர்கள்.

பெண்கள் விடுதியின் அக்கறைக்கு ஈடு இல்லை. மாலை 6 மணிக்கு வண்டிகளை நிறுத்தி, நடக்கிறவர்களுக்கென்று கடற்கரைச் சாலையைத் திறந்துவிடுகிறது நகரம். அந்த நேரம் பார்த்துப் பெண்கள் விடுதி கேட்டைப் பூட்டத் தயாராகிறது. கடல் காற்று ஆண்பிள்ளைகளுக்கு ஒத்துக்கொள்ளும், பெண்பிள்ளைகளுக்குச் சளி பிடிக்கும் என்பது வைத்தியம் தெரிந்த முடிவு. பாதுகாப்பைச் சாக்காக வைத்து மாணவர்களுக்கு இல்லாத விதியை மாணவிகளுக்கு மட்டும் போடக்கூடாது என்று யுஜிசி 2016இல் அறிவித்த ஒழுங்குமுறை சொல்கிறது. அதை விடுதி மதிக்கவில்லை என்று யார் சொன்னது? லேமினேட் செய்து, பூட்டிய கேட்டுக்குப் பக்கத்திலேயே தொங்கவிட்டிருக்கிறது.

இன்–அவுட் ரிஜிஸ்டரில் ‘போகும் காரணம்’ என்று ஒரு கட்டம். மாணவி அதில் ‘மருந்து வாங்க’ என்று எழுதுகிறாள். வேறு எது எழுதினாலும் கேள்வி வரும். பக்கம் பக்கமாக மருந்து வாங்கியும் யாருக்கும் உடம்பு குணமாகவில்லையே என்று வார்டன் கவலைப்பட்டதில்லை. கெட்டில் ரெய்டுதான் அவருக்கு முக்கியம். நூடுல்ஸ் கொதிக்கும் வாசனையை மூன்றாவது மாடிவரை மோப்பம் பிடிக்கும் அந்த மூக்கு, அதே மாடியில் அடைத்துக்கொண்ட கழிவறையைக் கடக்கும்போது மட்டும் ஓய்வெடுத்துக்கொள்கிறது. எந்நேரமும் உழைக்க மூக்கு என்ன இயந்திரமா?

அந்தக் கழிவறைக்காகவும் குழாயில் தண்ணீருக்காகவும் செயலாளர் மனு கொடுத்தபடியே இருக்கிறார். மாநில அந்தஸ்து கேட்டுப் புதுச்சேரி சட்டமன்றம் டெல்லிக்குத் திரும்பத் திரும்பத் தீர்மானம் அனுப்பியதைப் பார்த்து வளர்ந்தவர், சோர்ந்துபோக மாட்டார். ‘மேலிடத்தின் பரிசீலனையில் உள்ளது’ என்று நோட்டீஸ் போர்டில் பதில் வந்திருக்கிறது. கீழே வார்டன் பச்சை மையில் கையெழுத்துப் போட்டு, தேதியை மட்டும் காலியாக விட்டிருக்கிறார். அடுத்த வருடச் செயலாளருக்கும் அதே தாள் ஆகும், காகிதச் செலவு மிச்சம்.