நெய்வேலிக்கு எத்தனை மார்க்?

1956ஆம் ஆண்டு இரண்டு பெரிய காரியங்கள் தொடங்கின. மே 24 அன்று சுவிட்சர்லாந்தின் லுகானோ ஊரில் யூரோவிஷன் பாட்டுப் போட்டி. நவம்பர் 14 அன்று நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம். இரண்டிலும் புகை கிளம்பியது. கரண்ட் வந்தது நம்முடையதில் மட்டும்தான்.

அந்த முதல் போட்டியின் லட்சணத்தைச் சொல்லியே ஆக வேண்டும். ஏழு நாடுகள், தலைக்கு இரண்டு பாட்டு. நடத்தியது சுவிட்சர்லாந்து, ஜெயித்ததும் சுவிட்சர்லாந்து. லக்சம்பர்க் தன் நடுவர்களை அனுப்பாமல், தன் ஓட்டையும் சுவிஸ்காரர்களையே போடச் சொல்லிவிட்டது. சொந்த நாட்டுக்கே மார்க் போட்டுக்கொள்ளவும் தடையில்லை. யாருக்கு எத்தனை மார்க் என்ற கணக்கை அவர்கள் வெளியிடவே இல்லை. நம்மூர்க் கூட்டுறவுச் சங்கத் தேர்தல்கூட இதைப் பார்த்தால் கொஞ்சம் கூச்சப்படும்.

1969இல் மாட்ரிட்டில் நான்கு நாடுகள் சமமாக வந்து நின்றன. சமன் வந்தால் என்ன செய்வது என்று விதியில் யாரும் எழுதி வைக்கவில்லை. நான்கு பேரும் வென்றதாக அறிவித்தார்கள். அடுத்த ஆண்டு சில நாடுகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வரவே இல்லை.

ஐரோப்பா இப்படி மார்க்குக்கு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த காலத்தில் நெய்வேலியில் நடந்ததைப் பாருங்கள். பெர்லினில் சுவர் எழுந்த அதே 1961 ஆகஸ்டில்தான் இங்கே நிலக்கரிப் படுகை முதன்முதலாக வெளியே தெரிந்தது. சுரங்கத்தில் மேற்கு ஜெர்மனியின் பக்கெட் வீல் இயந்திரங்கள். அனல் மின் நிலையத்தில் சோவியத் யூனியனின் பாய்லரும் டர்பைனும். அங்கே முள்வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் துப்பாக்கி பிடித்து நின்றவர்கள், இங்கே ஒருத்தர் வெட்ட ஒருத்தர் எரிக்க, ஒரே குடும்பமாகக் காலம் தள்ளினார்கள். யாரும் யாருக்கும் மார்க் போடவில்லை. மதிய வெயிலுக்கு முன்னால் எந்தச் சித்தாந்தமும் நிற்காது என்பது என் கட்சி.

போட்டி பிடித்த பேய் கம்யூனிச நாடுகளையும் விடவில்லை. 1977 முதல் 1980 வரை போலந்தின் சோபோட்டில் இன்டர்விஷன் என்று தனிக்கடை போட்டார்கள். அதைப் பற்றி ஒரு கதை உண்டு. பார்க்கிறவர்கள் வீட்டில் போன் கிடையாது. எனவே பாட்டுப் பிடித்தால் விளக்கைப் போட வேண்டும், பிடிக்காவிட்டால் அணைக்க வேண்டும். மின்வாரியம் லோடு எவ்வளவு ஏறுகிறது என்று பார்த்து மார்க் சொல்லுமாம். நிஜமோ கட்டுக்கதையோ, நெய்வேலிக்காரன் காதில் இது தேனாகப் பாயும். பாட்டுக்குத் தீர்ப்புச் சொல்கிற அதிகாரம் அனல் மின் நிலையத்துக்கு! ஷிஃப்ட் இன்ஜினியர்தான் தலைமை நடுவர்.

ஆசியாவிலும் கை அரித்தது. ஆசிய பசிபிக் ஒலிபரப்பு ஒன்றியம், சுருக்கமாக ஏபியு, 1985 முதல் 1987 வரை ஒரு பாட்டுப் போட்டி நடத்திப் பார்த்தது. மூன்றே ஆண்டில் மூட்டை கட்டியது. கால் நூற்றாண்டு யோசித்து 2012இல் வேறு வழி கண்டுபிடித்தார்கள்: எல்லோரும் வாருங்கள், பாடுங்கள், சாப்பிட்டுவிட்டுப் போங்கள். மார்க் இல்லை, கோப்பை இல்லை, அழுகை இல்லை. அக்டோபர் 14, சியோல். கொரியாவின் டிவிஎக்ஸ்கியூ இசைக்குழு, ஜப்பானின் பெர்ஃப்யூம் இசைக்குழு, இலங்கை, ஆப்கானிஸ்தான் என்று பதினொரு நாடுகள். இந்தியா இல்லை.

நல்லவேளை. அந்த அக்டோபரில் விளக்கு ஓட்டு முறை இருந்திருந்தால் தமிழ்நாட்டின் கதி என்ன? சென்னைக்கு வெளியே பல ஊர்களில் பாதி நாளுக்குக் கரண்டே கிடையாது. நாம் எல்லா நாட்டுக்கும் சுழியம் போட்டு உலகத்தின் பகையைச் சம்பாதித்திருப்போம். ஃபேன் சுற்றிக்கொண்டிருந்த நெய்வேலி டவுன்ஷிப் மட்டும் மாநிலத்தின் மொத்த ஓட்டையும் தனியாளாகக் குத்தியிருக்கும், லக்சம்பர்க்குக்காக சுவிஸ்காரர்கள் குத்தியதுபோல. புகைபோக்கியைப் பார்த்துக்கொண்டே இருட்டில் உட்கார்ந்திருந்த சுற்றுவட்டக் கிராமங்கள், அதாவது நிலம் கொடுத்தவர்கள், வழக்கம்போல் வாக்காளர் பட்டியலில் இல்லை.

உண்மையில் இந்தப் போட்டியில்லாத பாட்டு விழா நமக்குப் புதிதே அல்ல. வெள்ளிக்கிழமை தூர்தர்ஷனில் 'ஒலியும் ஒளியும்' வந்த காலத்தில் யார் யாருக்கு மார்க் போட்டார்கள்? தெருவே ஒரு வீட்டில் கூடிப் பார்த்தது, கலைந்தது. இப்போது தமிழ் சேனல்களில் குழந்தை பாடி முடித்ததும் நடுவர் அழுகிறார், அவரைப் பார்த்து அம்மா அழுகிறார், பின்னணியில் வயலின் அழுகிறது.

2022 நவம்பரில் ஏபியு விழா டெல்லிக்கே வந்தது. நடத்தியது தூர்தர்ஷன். அந்த நிறுவனத்துக்கு இதில் இருந்த முன் அனுபவம் உலகில் வேறு யாருக்கும் இருந்திருக்காது. வழக்கப்படி யாரும் ஜெயிக்கவில்லை. நடுவில் கரண்ட் போனதாகவும் தகவல் இல்லை.