நடிக்காத நடிகரே சிறந்த நடிகர்: கொங்கு நாட்டு பேக்கரி வாதங்கள் குறித்து ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

அறிவியல் புனைகதைப் படங்களில் யார் நடித்தார் என்பதைவிட யார் நடித்திருக்க வேண்டும் என்பதே கொங்கு நாட்டு மாலைப் பொழுதுகளை நிரப்புகிறது. இவ்வாதங்களைக் கவனித்ததில் மூன்று விதிகள் புலப்பட்டன. மூன்றும் கீழே நிறுவப்படுகின்றன. நிறுவப்படாத இடங்களில் அழுத்திச் சொல்லப்படுகின்றன.

ஆய்வுக் களம்

வெளியூர் வாசகர்களுக்கு முதலில் ஒரு விளக்கம். கோவைப் பக்கம் பேக்கரி என்பது ரொட்டி வாங்கிக்கொண்டு வீடு திரும்பும் கடை அன்று. டீயும் தேங்காய் பன்னும் முட்டை பப்ஸும் சாட்சியாக, உலக விவகாரங்களுக்கு இறுதித் தீர்ப்பு வழங்கும் மன்றம். காதல் படங்கள் பற்றிய வாதங்கள் இவ்வாய்வில் சேர்க்கப்படவில்லை. காதலில் எல்லோருக்கும் சொந்த அனுபவம் இருப்பதால் பேச்சு சீக்கிரமே குடும்பப் பஞ்சாயத்தாகிவிடுகிறது.

களத்தின் தகுதியை ஐயுறுவோர் வரலாற்றைப் பார்க்க வேண்டும். சாமிக்கண்ணு வின்சென்ட் 1914இல் வெரைட்டி ஹால் திரையரங்கைக் கட்டியது இந்த ஊரில். எம்.ஜி.ஆர். முதன்முதலாக நாயகனான ‘ராஜகுமாரி’ (1947) உருவானது இங்கிருந்த சென்ட்ரல் ஸ்டூடியோவில். அதே எம்.ஜி.ஆர். 1963இல் ‘கலை அரசி’யில் வேற்றுக் கிரகம் போய்ச் சண்டை போட்டார். தமிழ் நாயகன் பூமியை விட்டுக் கிளம்பும் முன் கோவையில் பயிற்சி எடுத்திருக்கிறான் என்பது இதனால் பெறப்படும். பக்கத்துச் சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸார் 1952இலேயே ஹாலிவுட்காரர்களுடன் கூட்டுச் சேர்ந்து, ‘காடு’ படத்தில் என்றோ அழிந்துபோன மாமூத் யானைகளை நம் காட்டுக்குள் இறக்கிவிட்டார்கள்.

இன்னொரு தகுதியும் உண்டு. மோட்டார் பம்பும் வெட் கிரைண்டரும் செய்கிற ஊர் இது. லேத் பட்டறையில் ஷிப்ட் முடித்து நேரே பேக்கரிக்கு வருகிற விமர்சகர் நடிப்பைப் பற்றிப் பேசத் தொடங்குவதில்லை. ‘எந்திரன்’ படத்து ரோபோ சிட்டியைப் பற்றி என்றாலும் வைண்டிங்கில்தான் தொடங்குகிறார். “சிட்டிக்கு மெமரி எவ்வளவுன்னு சொன்னாங்க. மோட்டார் எத்தனை எச்.பி.ன்னு யாராச்சும் சொன்னாங்களாங்?” இயக்குநர் ஷங்கர் இதற்கு இன்றுவரை பதில் சொல்லவில்லை.

முதல் விதி: நடிக்காத நடிகரே சிறந்த நடிகர்

‘எந்திரன்’ முதலில் ‘ரோபோ’ என்ற பெயரில் கமல்ஹாசனையும் பிரீத்தி ஜிந்தாவையும் வைத்துத் திட்டமிடப்பட்டது. வேடம் போட்டு ஸ்டில் எடுத்துப் பார்த்ததோடு நின்றது. பிறகு ஷாருக் கானிடம் போய், அங்கும் கூடிவரவில்லை. கடைசியில் ரஜினிகாந்தும் ஐஸ்வர்யா ராயும் நடிக்க 2010 அக்டோபர் 1 அன்று வெளியானது.

ஆகவே தியேட்டரில் ஓடியது ஓர் எந்திரன். பேக்கரியில் ஓடிக்கொண்டிருப்பவை மூன்று. கண்ணால் பார்த்த படத்தில் ஆயிரம் குறை சொல்லலாம். பார்க்காத இரண்டிலும் ஒரு குறைகூடச் சொல்ல முடியாது. வாதம் பெரும்பாலும் இவ்வாறு நடைபெறுகிறது:

“கமல் பண்ணியிருந்தா ஆறு மாசம் சோறு தண்ணி இல்லாம சார்ஜ் போட்டே வாழ்ந்திருப்பாருங்ணா.”

“வாழ்ந்திருப்பாருங். தியேட்டர்ல யாருங் இருந்திருப்பா?”

“உங்களுக்கு ரசனைன்னு ஒண்ணு கிடையவே கிடையாதுங்.”

“உங்களுக்கு அறிவே இல்லீங்ணா. டீ சொல்லட்டுங்களா?”

வசவின் வாலிலும் மரியாதை ஒட்டிக்கொண்டிருப்பதால் இங்கு வாதம் கைகலப்பில் முடிவதில்லை. முடிவதே இல்லை என்பது வேறு விஷயம். ஷாருக் தரப்பில் ஆள் குறைவு. ஆனால் அவர்கள் கையில் ஆதாரம் ஒன்று உண்டு. ஷாருக் நடித்து 2011இல் வந்த ‘ரா.ஒன்’ படத்தில் சிட்டியே சற்று நேரம் தலைகாட்டிவிட்டுப் போனது. விட்டுப்போன வேடம் வீடு தேடி வந்து துக்கம் விசாரித்த முறை அது என்கிறார்கள்.

இதே விதி எந்திரனின் அடுத்த பாகமான ‘2.0’க்கும் (2018) பொருந்தும். வில்லன் வேடத்துக்கு அர்னால்டு ஸ்வார்ஸ்நேகர் வரை பேச்சுப் போய், கடைசியில் அக்‌ஷய் குமார் நடித்தார். அக்‌ஷய் மணிக்கணக்கில் மேக்கப் போட்டு உட்கார்ந்ததை யாரும் மறுக்கவில்லை. ஆனால் சிட்டியும் டெர்மினேட்டரும் மோதிக்கொள்ளும் எடுக்கப்படாத காட்சியை அவரால் எப்படி வெல்ல முடியும்? எடுத்த சண்டைக்கு நீளம் உண்டு. எடுக்காத சண்டை பப்ஸ் ஆறும்வரை நீளும்.

இரண்டாம் விதி: இரண்டாம் பாகம் வராதவரை முதல் பாகம் நிம்மதியாக இருக்கும்

‘இன்று நேற்று நாளை’ (2015), ‘24’ (2016) ஆகிய இரண்டுமே காலத்தில் முன்பின் போய்வரும் கதைகள். முன்னதற்கு இரண்டாம் பாகம் அறிவித்து ஆண்டுகள் ஓடிவிட்டன. ரசிகர்கள் இதற்காகக் கோபப்படுவதில்லை. காலப்பயணப் படத்துக்கு மட்டும் தாமதம் என்று ஒன்று கிடையாது. எப்போது வந்தாலும், “போன வருசமே வந்துருச்சுங், நாமதான் கவனிக்கல” என்று சொல்லிக்கொள்ளலாம்.

இவ்விடத்தில் அதுவரை தினத்தந்திக்குப் பின்னால் இருந்த பெரியவர் ஒருவர் தாளை மடிப்பது வழக்கம். வேலு பிரபாகரன் 1989இல் ‘நாளைய மனிதன்’ எடுத்ததையும், மறு ஆண்டே ‘அதிசய மனிதன்’ என்று அதற்கு இரண்டாம் பாகம் விட்டதையும் அவர் நினைவூட்டுகிறார். “எந்திரன் வர்றதுக்கு 20 வருசம் முன்னாலயே நாங்க பார்ட் டூ பாத்தாச்சு கண்ணு.” மன்றம் அமைதியாகிறது. அந்தப் படங்களைப் பார்த்தவர் அங்கே வேறு யாரும் இல்லாததால் அவர் கூற்று எதிர்ப்பின்றி ஏற்கப்படுகிறது.

மூன்றாம் விதி: கொங்கு மண் கோட்பாடு

தமிழ் அறிவியல் படம் இரண்டாம் சுற்றுக்கு வர வேண்டுமென்றால் அதில் கொங்கு மண் கலந்திருக்க வேண்டும் என்பது இக்கோட்பாடு. சான்று: சுஜாதா கதை எழுதிய ‘விக்ரம்’ (1986). அதில் அக்னிபுத்திரன் ராக்கெட்டைக் கடத்திய வில்லன் சத்யராஜ், கோவைக்காரர். 36 ஆண்டுகள் கழித்து அதே பெயரோடும் அதே கமலோடும் ‘விக்ரம்’ எடுத்த லோகேஷ் கனகராஜ் கிணத்துக்கடவுக்காரர், அதுவும் 1986இல் பிறந்தவர். கடைசி நிமிடங்களில் ரோலக்ஸாக வந்து விசில் வாங்கிய சூர்யாவின் தந்தை சிவகுமார், சூலூர் பக்கத்துக் காசிகவுண்டன்புதூர்க்காரர். ராக்கெட்டைக் கிளப்பியது ஒரு கோவைக்காரர், அதைத் தரையிறக்கியது இன்னொருவர்.

மறுப்பு: எந்திரனிலும் 2.0விலும் கொங்கு மண் எங்கே?

மறுப்புக்கு மறுப்பு: 2.0 வில்லனின் பெயர் பக்‌ஷிராஜன். ஸ்ரீராமுலு நாயுடு ‘மலைக்கள்ளன்’ (1954) எடுத்த கோவை ஸ்டூடியோவின் பெயர் பக்‌ஷிராஜா. இதற்கு மேலும் ஆதாரம் கேட்பவர்களோடு பேசுவதில் பயனில்லை.

முடிவும் பரிந்துரையும்

மூன்று விதிகளும் ஒருசேரப் பொருந்துகிற படம் ஒன்றே ஒன்று. மின்சாரம் பாய்ந்தால் உடல் மறைந்து இரும்புக் கை மட்டும் தெரிகிற நாயகனை முத்து காமிக்ஸ் 1972இல் தமிழுக்குக் கொண்டுவந்தது. அந்த ‘இரும்புக் கை மாயாவி’யின் பெயரில்தான் லோகேஷ் நெடுங்காலமாக ஒரு படம் எடுக்க ஆசைப்படுகிறார். முதலில் சூர்யா என்றார்கள். பிறகு வேறு பெரிய பெயர்களும் அடிபட்டன. இயக்குநர் கொங்கு, முதலில் நினைத்த நடிகரின் பூர்வீகமும் கொங்கு, கதை அறிவியல். ஆண்டுக்கணக்காகப் பேச்சிலேயே இருப்பதால் குறை சொல்லவும் வழியில்லை. கரண்ட் ஷாக் விஷயத்தில் மோட்டார் வைண்டிங் ஆட்களின் நிபுணத்துவமும் பயன்படும். பேக்கரிகளில் இப்படம் வெள்ளி விழாவைத் தாண்டிவிட்டது.

இதை உண்மையிலேயே எடுத்துவிட்டால் முதல் விதி இதன் மீதும் பாய்ந்துவிடும். அதில் நடிப்பவரைத் தவிர மற்ற எல்லோரும் அதற்குப் பொருத்தமானவர்களாகிவிடுவார்கள். ஆகவே படத்தின் நலன் கருதித் தயாரிப்பாளர்கள் இன்னும் கொஞ்ச காலம் கால்ஷீட் கிடைக்காமல் அலையுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள். இங்கே ஒண்ணும் அவசரமில்லீங்.