ஸ்பேனர்ப் பலகையும் அபாவப் பதார்த்தமும்

அற்பமென்று உலகம் ஒதுக்கிய விஷயங்களுக்கெல்லாம் காலப்போக்கில் ஆராய்ச்சியாளர் கிடைத்துவிட்டனர். ஓட்டைக் காலணாவுக்குக் கிடைத்தனர். தீப்பெட்டிப் படத்துக்குக் கிடைத்தனர். பழைய ரயில் டிக்கெட்டுக்கும் கிடைத்தனர். ஆனால், திருநெல்வேலியிலிருந்து சங்கரன்கோவிலுக்குச் செல்லும் சாலையில், மானூரையும் தேவர்குளத்தையும் கடந்து, பனவடலிசத்திரத்தில் டீ குடிக்க இறங்குகிற எவர் கண்ணிலும் படுவதும், பட்டும் எவர் சித்தத்திலும் தங்காததுமான ஒரு வஸ்துவுக்கு, அதாவது மோட்டார் சைக்கிள் பட்டறைச் சுவரில் தொங்கும் ஸ்பேனர்ப் பலகைக்கு, இன்றளவும் ஒரு பாஷ்யகாரர் வாய்க்காமற் போனது தமிழுலகத்தின் துர்ப்பாக்கியமே. அக்குறையை இயன்ற மட்டும் நிவர்த்திப்பது இவ்வியாசத்தின் நோக்கம்.

முதற்கண் வஸ்து வர்ணனை. ஒரு பிளைவுட் பலகை. அதற்கு மஞ்சள் எனாமல் இரண்டு பூச்சு. பூச்சு காய்ந்தபின் பலகையைத் தரையில் கிடத்தி, ஆறு-ஏழு தொடங்கி இருபது-இருபத்திரண்டு முடிய ஸ்பேனர்களை ஏறுவரிசையில் அடுக்கி, ஒவ்வொன்றையும் சுற்றிப் பென்சிலால் கோடிழுத்து, கோட்டுக்குள்ளே கறுப்பை நிரப்பி, வாய்ப்புறத்தின் கீழே இரண்டு ஆணிகளை அறைந்துவிட்டால் பலகை தயார். ரிங் ஸ்பேனர், டி ஸ்பேனர், பிளக் ஸ்பேனர், கட்டிங் பிளேயர், சுத்தியல் ஆகியவற்றுக்கும் இதே சம்ஸ்காரம். பென்சில் கோடு ஸ்பேனரை ஒட்டிச் சென்றால் உருவம் சிறுத்து, ஸ்பேனர் மாட்டியபின் கறுப்பே தெரியாது. விலகிச் சென்றால் உருவம் பருத்து, அளவு பிடிபடாது. கைதேர்ந்தவர் போட்ட பலகையில் ஸ்பேனரைச் சுற்றி ஒரு நூலளவு கறுப்பு எட்டிப் பார்க்கும். அந்த நூலளவில்தான் பட்டறைக்காரரின் கீர்த்தி அடங்கியிருக்கிறது.

இனி லட்சணம். ‘ஆயுதங்களை மாட்டிவைக்கும் பலகை’ என்று சொல்லிவிடலாமே எனில், அது அதிவியாப்தி தோஷத்துக்கு இடமாகும். ஏனெனில் ஆணியறைந்த எந்தக் கதவும், சட்டை மாட்டும் எந்தச் சட்டமும் அந்த லட்சணத்துக்குள் வந்து புகுந்துகொள்ளும். ‘கறுப்பு உருவம் தீட்டிய பலகை’ எனில் ஊரிலுள்ள சகல விளம்பரப் பலகைகளும் உரிமை கொண்டாடும். நெடிது யோசித்து யாம் கண்ட லட்சணம் இது: எது இல்லையோ அதைக் காட்டுதற்பொருட்டு, எது இருக்கிறதோ அதை மாட்டிவைக்கும் பலகையே ஸ்பேனர்ப் பலகை. எல்லா ஸ்பேனரும் தத்தம் இடத்தில் இருக்கையில் அது சாதாரணமான ஒரு சாமான் மாட்டி. ஒன்று குறைந்த கணத்திலேதான் அது பேசத் தொடங்குகிறது.

இவ்விடத்தில் சாஸ்திரத்தின் துணை வேண்டப்படுகிறது. அன்னம்பட்டர் இயற்றிய தர்க்கசங்கிரகம் பதார்த்தங்கள் ஏழென வகுத்து, ஏழாவதாக அபாவத்தை, அதாவது இன்மையை, வைக்கிறது. அந்நூலைத் தமிழாக்கிய சிவஞான முனிவர் பிறந்தது பொதிகையடிவாரத்து விக்கிரமசிங்கபுரம் என்பதை நோக்க, இன்மையைப் பற்றிய ஞானம் இந்தப் பிராந்தியத்துக்குப் பரம்பரைச் சொத்து என்றே கொள்ளவேண்டியிருக்கிறது. அவருக்கும் பல நூற்றாண்டு முற்பட்ட மணிமேகலையின் இருபத்தேழாம் காதையில், அளவைவாதி அடுக்குகிற பத்துப் பிரமாணங்களுள்ளும் அபாவம் இருக்கிறது. அங்கே அதற்குச் சொல்லப்படும் விளக்கம், ஒரு பொருளைக் குறித்து அது அந்த இடத்தில் இல்லை என்று கூறுதல் என்பது. ‘அந்த இடத்தில்’ என்ற நிபந்தனையைக் கவனிக்க வேண்டும். இடம் இன்னதென்று வரையறுக்கப்படாத பொருளைக் காணோமென்று சொல்ல எவருக்கும் அதிகாரமில்லை என்பது அதன் தாத்பரியம்.

இன்மை எவ்வாறு அறியப்படுகிறது என்பதில் நையாயிகருக்கும் பாட்ட மீமாம்சகருக்கும் நெடுங்கால விவாதம் உண்டு. வெறுந்தரையில் குடமில்லாமையைக் கண்ணாலேயே காண்கிறோம் என்பார் முன்னவர். இல்லை, அனுபலப்தி என்ற தனிப் பிரமாணத்தால் அறிகிறோம் என்பார் பின்னவர். எனினும் ஒரு விஷயத்தில் இருசாராரும் ஒத்துப்போகின்றனர்: ‘இருந்திருந்தால் கண்டிருப்போம்’ என்று சொல்லத்தக்க நிலைமை முதலில் இருக்கவேண்டும். இருட்டறையில் குடத்தைக் காணாதவன் குடமில்லை என்று தீர்மானிக்க முடியாது. யோக்கியானுபலப்தி என்று பண்டிதர் பெயரிட்ட இந்த நுட்பமான நிபந்தனையை, ஒரு டப்பா மஞ்சள் பெயின்ட்டாலும் ஒரு டப்பா கறுப்பு பெயின்ட்டாலும் பனவடலிசத்திரத்து மெக்கானிக் நிறைவேற்றி வைத்திருக்கிறார்.

எதிர்க்கட்சியினர் இல்லாமல் இல்லை. அவர்களைக் குவியல்வாதிகள் எனலாம். சங்கரன்கோவில் வட்டாரத்து விசைத்தறிக் கூடங்களில் தறி பழுது பார்ப்போரிலும், கிணற்று மோட்டாருக்குக் கைவைத்தியம் செய்வோரிலும் இக்கட்சியார் ஏராளம். சாக்குப்பை ஒன்றில் ஸ்பேனர், சுத்தியல், உடைந்த பேரிங், அரைச் செங்கல் சகலமும் இருக்கும். கையை உள்ளே விட்டால் வேண்டியது தானாக விரலில் வந்து ஏறும் என்பது அவர்கள் சித்தாந்தம். சாக்குக்குள்ளே பேதமில்லை, சகலமும் ஒன்று. ஆதலின் அதனை அத்வைதம் என்றும், பலகையைத் துவைதம் என்றும் ரசிகரொருவர் வர்ணித்தார். வர்ணனை ரசமானதே. ஆனால் ஒரு பொருள் சாக்கில் இருக்கிறதென்று கையால் அறியலாமேயன்றி, இல்லையென்று அறியவேண்டுமானால் சாக்கைத் தலைகீழாகக் கொட்டித்தான் ஆகவேண்டும்; கொட்டியபின்னும் சந்தேகம் தீராமல் சாக்கின் மூலையைத் தடவிப் பார்ப்பதை நாம் கண்ணாரக் காண்கிறோம். ஆகவே பூர்வபட்சம் நிராகரிக்கப்படுகிறது.

பலகையில் அபாவம் நான்கு வகையாலும் விளங்குகிறது. இருபது-இருபத்திரண்டு ஸ்பேனரை வாங்குவதற்கு முன்னரே, பிறகு வாங்கிக்கொள்ளலாமென்று அதன் உருவத்தை மட்டும் தீட்டிவைப்பதுண்டு. இது பிராகபாவம், தொடக்கமற்றது, வாங்கிய அன்று முடிவுறுவது. வாய் விரிந்து போல்ட்டின் தலையை மழுக்கத் தொடங்கிய எட்டு-ஒன்பதைப் பேரீச்சம்பழத்துக்குப் போட்டபின் எஞ்சி நிற்கும் கறுப்பு உருவம் பிரத்வம்சாபாவம். அதற்குத் தொடக்கமுண்டு, முடிவில்லை. டார்க் ரெஞ்ச் என்னும் விலையுயர்ந்த கருவியைக் கடைக்காரர் கொடுத்த காலண்டரில் பார்த்து ஆசைப்பட்டு வரைந்திருப்பது முக்காலத்திலும் நிகழாத அத்தியந்தாபாவம். வேலைக்குப் புதிதாய்ச் சேர்ந்த பையன் பதினாலு-பதினஞ்சின் இடத்தில் பன்னிரண்டு-பதிமூன்றை மாட்டிவிடுவானாகில், சுற்றிலும் கறுப்பு அசிங்கமாகப் பிதுங்க, ‘இது அதுவன்று’ என்று பலகையே அறிவிப்பது அன்னியோன்னியாபாவம். சாஸ்திரத்துக்கு இவ்வளவு பொருத்தமான உதாரணங்கள் குடத்திலும் துணியிலும் கிடைக்கவில்லையே என்பது எமது பணிவான அபிப்பிராயம்.

இந்தப் பலகை தமிழகத்துக்கோ இந்தியாவுக்கோ மட்டும் உரியதென்று உரிமை கொண்டாட இயலாது. ஜப்பானியத் தொழிற்சாலைகளில் ஐந்து ‘எஸ்’ என வழங்கும் ஒழுங்குமுறையில், வேண்டாததைக் கழிக்கும் ‘செய்ரி’க்கு அடுத்ததாக, வேண்டியதற்கு இடம் வகுக்கும் ‘செய்டன்’ வைக்கப்பட்டிருக்கிறது. நமது பலகை அதன் நேர்ப்பிள்ளை. அந்த மார்க்கம் தமிழகத் தொழிற்சாலைகளில் வேரூன்றியதற்குத் திருநெல்வேலிச் சீமை ஓரளவு பொறுப்பு ஏற்கலாம். திருக்குறுங்குடியில் 1877-ல் பிறந்த டி. வி. சுந்தரம் ஐயங்கார் 1911-ல் மதுரையில் விதைத்த தொழிலின் கிளையாகிய சுந்தரம் கிளேட்டன் கம்பெனியின் பிரேக் பிரிவு, தரப் பரிபாலனத்துக்கென ஜப்பானில் 1951 முதல் அளிக்கப்பட்டுவரும் டெமிங் பரிசை 1998-ல் பெற்றது. இந்தியாவில் அப்பரிசு வந்த முதல் இடம் அதுவே. அமெரிக்காவிலோ விஷயம் அடுக்களைக்குள்ளும் புகுந்துவிட்டது. சமையற்கலை நிபுணர் ஜூலியா சைல்டின் கணவர் பால் சைல்ட், துளைப்பலகையில் வாணலிகளையும் சட்டிகளையும் மாட்டி, ஒவ்வொன்றையும் சுற்றிக் கோடிழுத்து வைத்தார். அந்தச் சமையலறை இப்போது வாஷிங்டனில் அமெரிக்க வரலாற்று மியூசியத்தில் காட்சிப்பொருள். மனைவியின் தோசைக்கல்லுக்குக் கோடு போட்டுக் கொடுக்கத் துணிந்த தமிழ்க் கணவரை யாம் அறியோம்.

சிரிப்புக்கு அப்பாற்பட்ட பிரயோஜனமும் உண்டு. ஆகாய விமானம் பழுது பார்க்குமிடத்தில் பலகையின் ஓர் உருவம் வெறுமையாக இருந்தால் விமானம் புறப்படலாகாது என்பது விதி. 2023 டிசம்பரில் லாஸ் ஏஞ்சலிசில் பரிசோதனை நடந்த குவாண்டஸ் ஏ380 விமானமொன்றின் இன்ஜினுக்குள், ஒன்றேகால் மீட்டர் நீளமுள்ள நைலான் கருவி ஒன்று மறந்து வைக்கப்பட்டு, முப்பத்துநான்கு பயணங்கள், ஏறத்தாழ முந்நூறு மணி நேரம் ஆகாயத்தில் உலாவிய பின்னரே கண்டுபிடிக்கப்பட்டது. ஒருவருக்கும் காயமில்லை. அறுவைச் சிகிச்சை முடிந்து நோயாளி அறையைவிட்டு நீங்குமுன் கத்தி, பஞ்சு, ஊசிகளை எண்ணிச் சரிபார்க்கவேண்டுமென்று உலக சுகாதார நிறுவனம் 2008-ல் வெளியிட்ட பட்டியலும் இதே தத்துவத்தைச் சார்ந்தது. இத்தனை தூரம் போவானேன்? தேவர்குளம் சுற்றுவட்டாரத்தில் நிற்கும் காற்றாலைகளின் உச்சியில் வேலை பார்த்துவிட்டு, ஏணியில் அத்தனை படியும் இறங்கித் தரைக்கு வந்தபின் ஒரு ஸ்பேனர் குறைகிறதென்று உணர்பவனிடம் கேட்டால், அபாவம் பதார்த்தமா அல்லவா என்ற விவாதத்துக்கு உடனே தீர்ப்புச் சொல்லுவான்.

மீண்டும் பட்டறைக்கு வருவோம். நால்வகை அபாவத்தோடு, எடுத்துப்போய்ப் பின் கொண்டுவந்து வைக்கும் பொருளின் இடைக்காலத்து இன்மையைச் சாமயிகாபாவம் என ஐந்தாவதாகக் கூறுவாரும் உளர். தர்க்கத்தில் இது சர்ச்சைக்குரியது. பனவடலிசத்திரத்திலோ இதுவே பிரதானம். காரணம், இரவல். ஆறு மில்லிமீட்டர் போல்ட்டின் தலைக்குப் பத்து மில்லிமீட்டர் ஸ்பேனரே பொருந்துமாதலாலும், மோட்டார் சைக்கிளிலும் பம்புசெட்டிலும் அத்தகைய போல்ட்டுகள் மலிந்திருப்பதாலும், பத்து-பதினொன்று ஸ்பேனர் பட்டறையில் இருக்கும் நேரத்தைவிட ஊருக்குள் இருக்கும் நேரமே அதிகம்.

“ஏலே, பத்து-பதினொண்ண எங்கலே?”

“போர்டுல இல்லண்ணே.”

“அது எனக்கும் தெரியுதுலே. யாரு கொண்டுபோனா?”

இந்த மூன்றாவது வாக்கியத்துக்குப் பலகையிடம் பதிலில்லை. இன்மையைக் காட்டுமேயன்றி இன்மைக்குக் காரணரைக் காட்டாது. பெரிய தொழிற்சாலைகளில் கருவி எடுப்பவன் தன் எண் பொறித்த பித்தளை டோக்கனை அந்த ஆணியில் மாட்டிவிட்டுப் போவான். பித்தளைக்கு வழியில்லாத நமது பட்டறைக்காரரோ, கறுப்பு உருவத்தை ஒரு குட்டிக் கரும்பலகையாகப் பாவித்து, ஸ்பேனர் போன இடத்தில் கொண்டுபோனவரின் பெயரைச் சாக்பீஸால் எழுதலானார். ‘கெணத்து அண்ணாச்சி’, ‘டிராக்டர் மச்சான்’, ‘வாத்தியார் வீடு’ என அந்த ஒடுங்கிய உருவங்களுக்குள் நெருக்கியெழுதிய பெயர்கள் சாலையிலிருந்தே வாசிக்கக்கூடியனவாக அமைந்தன. பஸ்ஸுக்குக் காத்திருப்போர் பத்திரிகைக்குப் பதில் இதனை வாசிக்கலாயினர். சாமான்கள் முன்னைக்காட்டிலும் விரைவாகத் திரும்பலாயின. இதன்பின் எழுந்தது அழித்தல் பற்றிய ஸ்மிருதி: ஸ்பேனரைக் கொண்டுவந்தவர் தம் கையால் பெயரை அழிக்கலாகாது, பையன் வாங்கி, எண்ணெய் துடைத்து, ஆணியில் மாட்டிய பின்னர், பையனே அழிக்கவேண்டும். இந்த விதியை மீறி, பட்டறையில் ஆளில்லாத உச்சிவேளையில் வந்து பெயரை மட்டும் துடைத்துவிட்டு ஸ்பேனரைக் கொடாமற் போன பெருமகனார் ஒருவர் உண்டு. அவர் பெயர் இப்பொழுது அங்கே வெள்ளை எனாமலில், இரண்டு பூச்சு எழுதப்பட்டிருக்கிறது.