மூட்டை சுமக்கும் வண்டிக்குத் திரை எதற்கு?

கேள்வி: அமெரிக்க பிக்கப் டிரக்குகளில் டிவி மாதிரி திரை வைக்கிறார்களே, மண்ணும் மரமும் சுமக்கிற வண்டிக்கு இந்த அலங்காரம் எதற்கு?

பதில்: பாரம் ஏற்றிய டிரெய்லரோடு ரிவர்ஸ் எடுத்துப் பாருங்கள், அலங்காரம் என்று சொல்லமாட்டீர்கள். ஸ்டீயரிங்கை வலப்பக்கம் ஒடித்தால் டிரெய்லர் இடப்பக்கம் போகும், முரண்டு பிடிக்கும் மாடு மாதிரி. 2016 மாடல் ஃபோர்டு எஃப்-150இல் இதற்கென்றே ஒரு குமிழ் வந்தது. டிரெய்லர் போகவேண்டிய பக்கம் குமிழைத் திருப்பினால் ஸ்டீயரிங்கை வண்டியே ஒடித்துக்கொள்ளும். பிரேக்கும் ஆக்சிலேட்டரும்தான் நம் பொறுப்பு. பின்னால் நடப்பதைப் பார்க்கத்தான் திரை. 2018 மே முதல், மொத்த எடை சுமார் 4,500 கிலோவுக்கு உட்பட்ட புது வண்டிகளுக்கு அங்கே பின்பக்கக் கேமராவே கட்டாயம். கேமரா வந்தால் திரையும் வந்துதானே ஆகவேண்டும்! 2019 ராம் 1500இல் அது 12 அங்குலமாக வளர்ந்துவிட்டது.

எனக்குக் கோபம் வேறு இடத்தில். ஏசியையும் ஒலியையும் திரைக்குள் புதைத்தால், கையுறை போட்ட ஓட்டுநர் சாலையை விட்டுவிட்டுப் படத்தைத் தேடவேண்டும். அவற்றுக்குக் குமிழ்தான் சரி.

இன்னொன்று, வண்டியின் செல்பேசி இணைப்பு. டிரக் இருபது வருஷம் ஓடும். அதற்குள் இருக்கும் மோடத்துக்கு அந்த ஆயுள் இல்லை. 2022இல் அமெரிக்க நிறுவனங்கள் 3ஜி சேவையை நிறுத்தியபோது, பழைய வண்டிகள் பலவற்றில் விபத்து நேர்ந்தால் தானாக உதவிக்கு அழைக்கும் வசதியே போயிற்று. உயிர் காக்கும் வசதி அது! வண்டி வாங்குகிறவர்கள் திரை எத்தனை அங்குலம் என்று கேட்கும் முன், இணைப்பு எத்தனை வருஷம் இருக்கும் என்று கேளுங்கள்.