சர்க்கார் ஜாமீன் போட்ட வீடு

கிள்ளான்
அக்டோபர் 2025

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

சித்தியின் முழங்கால் வலி தேவலையா?

"சர்க்கார் லோன்தானே, எலெக்‌ஷன் வந்தால் தள்ளுபடி ஆகாதா?" என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் மருமகளிடம் வாசித்துக் காட்டினேன். அவள் சிரித்த சிரிப்பில் எதிர் வீட்டுச் சீனத்துப் பாட்டி கதவைத் திறந்து பார்த்துவிட்டுப் போனார். 2021இல் ஐந்து பவுன் வரை நகைக்கடன் தள்ளுபடியானபோது நம் தேவகோட்டையே கூட்டுறவு வங்கி வாசலில் நின்றதை அவள் பார்த்ததில்லை, பாவம். இங்கே தள்ளுபடிக்குப் பக்கத்தில் வந்தது கொரோனாக் காலத்தில்தான். 2020 ஏப்ரலிலிருந்து ஆறு மாதம் தவணை கட்ட வேண்டாம் என்றார்கள். தவணைதான் நின்றது, வட்டி ஒரு நாள்கூட லீவு எடுக்கவில்லை.

இந்த 'சர்க்கார் லோன்' சங்கதியைக் கொஞ்சம் விவரமாகவே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பொங்கலுக்குள் மலேசிய சர்க்கார் எனக்குச் சும்மா வீடு கொடுத்துவிட்டதாக ஊரெல்லாம் பேச்சாகிவிடும்.

2011 மார்ச்சில் நஜிப் பிரதமராக இருந்தபோது 'என் முதல் வீடு' என்ற திட்டம் வந்தது. சாதாரணமாக வீட்டு விலையில் 90 விழுக்காடுதான் பேங்க் கொடுக்கும். மீதிப் பத்தைக் கையிலிருந்து போட வேண்டும். சம்பளக்காரர்கள் தடுக்கி விழுவது அந்தப் பத்தில்தான். இந்தத் திட்டத்தில் 100 விழுக்காடும் கடனாகக் கிடைக்கும். மேலே உள்ள அந்தப் பத்துக்கு சர்க்கார் சார்பில் சகாமாஸ் என்ற நிறுவனம் ஜாமீன் நிற்கும். கல்யாணத்துக்கு முன்பே, 2014இல், உங்கள் மருமகள் இதில்தான் 3 லட்சம் வெள்ளிக்கு, அதாவது ரிங்கிட்டுக்கு, இந்த வீட்டை வாங்கினாள். வாடகைக்கு விடக் கூடாது, தானே குடியிருக்க வேண்டும் என்பது நிபந்தனை.

அவளுக்கு ஏன் அவ்வளவு அவசரம் என்று கேட்பீர்கள். என் மாமனார் ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். தோட்டத்து லயத்தில் வேலை இருக்கும் வரைதான் வீடு. வேலை போனால் சட்டிபானையோடு வெளியே வர வேண்டியதுதான். தோட்டங்கள் துண்டு துண்டாகக் கைமாறிய காலத்தில், 1960இல், இங்குள்ள இந்தியர்களின் தலைவர் துன் சம்பந்தன் தோட்டத் தொழிலாளர்களிடம் சிறுகச் சிறுகப் பங்குப்பணம் சேர்த்து, தோட்டங்களையே வாங்குவதற்காகத் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை ஆரம்பித்தார். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் கடைத்தெருவுக்கு அவர் பேர்தான். அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்த பெண்ணுக்குத் தன் பேரில் ஒரு கதவு வேண்டியிருந்தது.

ஜாமீன் விஷயத்தில் நீங்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும் சித்தப்பா. அது உங்கள் மருமகளுக்காகப் போட்ட ஜாமீன் இல்லை. பேங்க் பயப்படாமல் இருக்கப் போட்டது. அவள் கட்டாமல் விட்டால் யாரும் வந்து கட்ட மாட்டார்கள். வீடு லெலோங் போகும். லெலோங் என்றால் ஏலம். லண்டனில் நம் பெரியத்தானுக்குக் கிடைத்தது வேறு வகை. அங்கே சர்க்காரே வீட்டு விலையில் ஒரு பங்கைக் கடனாகக் கொடுத்தது. வீட்டு விலை ஏறினால் சர்க்காருக்குத் திருப்ப வேண்டியதும் ஏறும். பேங்க் மாற்ற வேண்டுமென்றால் அவர்கள் சம்மதமும் வேண்டும். நம்முடையதில் அந்தத் தொந்தரவு இல்லை. வேறு தொந்தரவு உண்டு.

2025 ஜூலையில் பேங்க் நெகாரா, அதாவது இந்த ஊர் ரிசர்வ் வங்கி, தன் வட்டியை 3 விழுக்காட்டிலிருந்து 2.75 ஆக்கியது. மறுநாளிலிருந்து லோன் ஏஜெண்டுகள் போன். ஒருவர் என்னை பிரிக்பீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாட்டுக்கே அழைத்துப் போய்விட்டார். "அண்ணே, ரேட் இறங்கிருச்சு லா. பேங்க் மாத்துங்க, மாசம் எண்பது வெள்ளி மிச்சம்" என்றார். ரசம் வருவதற்குள் போனிலேயே கணக்கும் போட்டுக் காட்டினார். மனுஷர் நல்லவர், அப்பளம்கூட இரண்டாவது தடவை கேட்டு வாங்கிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். உங்கள் மருமகள் கால்குலேட்டரை எடுத்தாள். பாக்கி 250,000 வெள்ளி. புது பேங்க் 0.4 விழுக்காடு குறைத்தால் வருஷத்துக்கு 1,000 வெள்ளி மிச்சம், சரி. ஆனால் புதுக் கடன் பத்திரத்துக்கு முத்திரை வரி 0.5 விழுக்காடு, 1,250. வக்கீலுக்கு 1.25 விழுக்காடு, 3,125. வீட்டை மதிப்பிட வருகிறவருக்குத் தனியாக. ஆக, முதல் ஐந்து வருஷ மிச்சம் இவர்களுக்கே சரியாகப் போய்விடும். இதை ஏஜெண்டிடம் சொன்னேன். "அதெல்லாம் லோன்லயே சேர்த்துக்கலாம்ணே!" என்றார். கடனை மாற்றும் செலவுக்கும் கடன்! ஒரு காலத்தில் நம்மூர்ச் செட்டியார்கள் கோலாலம்பூர் லெபோ அம்பாங்கில் கிட்டங்கி வைத்து வட்டிக்குக் கொடுத்தார்கள். அதே நாட்டில் இன்று தேவகோட்டைக்காரன் நான் வட்டி கட்டுகிறேன்.

இன்னொரு வேடிக்கை. எங்கள் கடன் மிதக்கும் வட்டிக் கடன். பேங்க் நெகாரா இறக்கினால் எங்கள் வட்டியும் தானாக இறங்கும். யாரும் சோறு வாங்கிக் கொடுக்க வேண்டியதில்லை. ஆகவே அந்தக் கால் விழுக்காடு ஏற்கெனவே வந்து சேர்ந்துவிட்டது.

எங்கள் கீழ்மாடிப் பையனும் பேங்க் மாற்றப் பார்த்தான். அவன் கதைதான் சிக்கல். அவனும் 'என் முதல் வீடு' திட்டத்தில், சமீபத்தில், முழு விலைக்கும் கடன் வாங்கியவன். ஆரம்ப வருஷங்களில் கட்டுவதில் பெரும்பங்கு வட்டிக்கே போகும், அசல் அசையாது. வீட்டு விலையும் ஏறவில்லை. புது பேங்க் இன்றைய மதிப்பில் 90தான் தருவேன் என்கிறது. ஜாமீனோ முதல் வீடு வாங்குவதற்கு. பேங்க் மாற்றுவதற்கு இல்லை. மீதியைக் கையிலிருந்து போட முடிந்தால் அவன் இந்தத் திட்டத்துக்கே வந்திருக்க மாட்டான். போதாததற்கு, குறிப்பிட்ட வருஷத்துக்குள் கடனை முடித்தால் அபராதம் என்று அவன் பத்திரத்தில் எழுதியிருக்கிறது.

உங்கள் மருமகள் செய்தது ஒன்றுதான். தன் பேங்குக்கே போய், "வேறு பேங்கில் குறைத்துத் தருகிறார்கள், நீங்கள் எவ்வளவு குறைப்பீர்கள்?" என்று கேட்டுவிட்டு வந்திருக்கிறாள். கத்திரிக்காய் பேரம் பேசும் அதே குரலில்தான் கேட்டிருப்பாள். பதில் இன்னும் வரவில்லை.

ஏஜெண்ட் இப்போது என்னை விட்டுவிட்டு மாமனாரைப் பிடித்திருக்கிறார். வாராவாரம் வந்து தே தாரிக் டீ வாங்கிக் கொடுத்து வட்டிக்கணக்கு சொல்கிறார். மாமனாருக்குக் கடனே கிடையாது. வயதும் 78; இங்கே வீட்டுக்கடன் பொதுவாக 70 வயதுக்குள் முடிந்தாக வேண்டும். தலைக்குச் சாயம் பூசுவதால் ஏஜெண்டுக்கு அது தெரியவில்லை. பேச்சுத் துணைக்கு ஆள் கிடைத்ததால் மாமனாரும் சொல்வதாக இல்லை.

சித்திக்கு என் நமஸ்காரம்.

அன்புடன்,
உங்கள் மகன்